இன்னும் பிறக்காத மகனுக்கு ஆசைப்படுவது எப்படி: கொழும்பு அப்பாமாருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு நல்ல செய்தி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உங்கள் பிள்ளையைப் பற்றி ஆசைப்பட ஊரே வரிசையில் வந்து நிற்கும். மகன் என்றால் டொக்டர்தான் என்று பெரியப்பா முடிவு கட்டிவிடுவார், கணக்கில் கெட்டி என்றால் எஞ்சினியராகவும் இருக்கலாம் என்று மாமா கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், ஸ்காபரோவில் இருக்கும் சித்தி வட்சப்பில் குரல் செய்தி அனுப்பி அவனைக் கனடாவுக்கு எடுப்பதைப் பற்றியே கதைப்பார். பிள்ளை அந்த நேரம் ஒரு பயற்றம் விதை அளவுதான் இருக்கும். நீங்கள் சும்மா சிரித்துக்கொண்டு நின்றால் அப்பாவின் ஆசைக்கென்று ஒரு மூலைகூட மிஞ்சாது. அதனால் முந்திக்கொள்ளுங்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் நான்காம் மாடியில் இருக்கிறோம், மனைவிக்கு இது ஏழாம் மாதம், ஆணா பெண்ணா என்று ஸ்கேன் எடுத்தவரிடம் நாங்கள் கேட்கவில்லை. இருந்தும் நான் மகன் மகன் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "என்னப்பா, பெடியன்தான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான். கீழே வரும் ஆசைகளில் மகளுக்குப் பொருந்தாதது ஒன்றுமே இல்லை, பிறந்தது பெண் என்றால் இவற்றை எழுதும் கொப்பியின் முகப்பில் 'மகன்' என்பதன் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். அரசாங்கத்துக்கும் வித்தியாசம் சின்னதுதான்: பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் பதியும் அட்டை ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ். பதினைந்து வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது, பிறந்த நாள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாளோ அந்த எண்ணோடு பெண் பிள்ளைகளுக்கு 500 கூட்டி எழுதுவார்கள். அவ்வளவுதான்.

முதலில் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள்

போனில் எழுத வேண்டாம். போனில் எழுதின ஆசை அடுத்த போன் வாங்கும்போது காணாமல் போய்விடும். எண்பது பக்கத்தில், கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி போதும். பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப் பக்கம் ஆசை, வலப் பக்கம் அந்த ஆசைக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலை. வலப் பக்கம் எழுத ஒன்றும் வரவில்லையென்றால் இடப் பக்கத்தில் இருப்பதை வெட்டிவிட வேண்டும். எவ்வளவு ஆசையாய் எழுதினதாக இருந்தாலும் சரி, வெட்டத்தான் வேண்டும். அப்புறம் இன்னொரு சட்டம், இதைத்தான் பலர் ஏமாற்றப் பார்ப்பார்கள்: காசு கட்டுவது வேலையாகக் கணக்கில் வராது. "நல்ல ரியூஷனுக்கு அனுப்புவேன்" என்று எழுதினால் அது ரியூஷன் மாஸ்டரின் வேலை, உங்களுடையது இல்லை.

இப்போது "டொக்டர்" என்று எழுதிப் பாருங்கள். வலப் பக்கத்தில் என்ன வரும்? வகுப்பு முடியும் வரை வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருப்பது, பரீட்சை நாளில் கோவிலில் தேங்காய் உடைப்பது. மிச்சம் பத்துப் பதினைந்து வருட உழைப்பும் அவன் தலையில். வெட்டுங்கள். "மீன் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்" என்று எழுதுங்கள். வலப் பக்கம் தானாக நிரம்பும்: சனிக்கிழமை காலையில் நானும் எழும்ப வேண்டும், அவனையும் சந்தைக்குக் கூட்டிப் போக வேண்டும், அதற்கு முதல் எனக்கு மீன் பார்க்கத் தெரிய வேண்டும். இது தேறிய ஆசை.

இந்த அளவுகோலில் போட்டால் உயரமாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், முடி அடர்த்தியாக இருக்க வேண்டும் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். முடி விஷயத்தில் என் அப்பாவையும் அப்பப்பாவையும் பார்த்த பிறகு நான் ஆசைப்படுவதே வீண்.

பெயர்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மற்ற ஆசைகளுக்கெல்லாம் வருடக்கணக்கில் காலம் இருக்கிறது, பெயருக்குக் கிடையாது. பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு படிவம், வேறு அலைச்சல். பிள்ளை பிறந்த இடம் எந்தப் பதிவாளர் பிரிவில் வருகிறதோ அங்கேதான் பதிய வேண்டும் என்பதால், மட்டக்குளியில் இருப்பவரின் பிள்ளை பொரளைப் பக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்தால் பொரளைப் பக்கம்தான் போக வேண்டும். ஆகவே பெயரை இப்போதே கொப்பியில் எழுதிச் சோதித்து வையுங்கள்.

சாத்திரியார் நட்சத்திரத்துக்கு எழுத்துச் சொல்வார், எண் சாத்திரம் பார்ப்பவர் கூட்டுத்தொகை சொல்வார், இரண்டையும் சேர்த்தால் ஷ், ஜ், க்ஷ் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக் கூப்பிடவே முடியாத ஒரு பெயர் வரும். சாத்திரத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை, என் அம்மா இதை வாசிக்கக்கூடும். ஆனால் சாத்திரி சொன்ன பெயரையும் கீழே உள்ள சோதனைகளுக்கு விடுங்கள்.

முதல் சோதனை, பல்கனிச் சோதனை. நான்காம் மாடியில் நின்று, கீழே ஒழுங்கையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதாக நினைத்து ஒருதரம் கத்திப் பாருங்கள். ஆ, ஈ என்று நீட்டி முடிகிற பெயர் காற்றில் நன்றாகப் போகும், ட், க் என்று வெட்டி நிற்கிற பெயர் இரண்டாம் மாடியிலேயே விழுந்துவிடும். நான் இதை இரவு பத்து மணிக்குச் செய்து பார்த்தேன், எதிர் ஃபிளாட்டில் ஒரு அங்கிள் லைட் போட்டார். நீங்கள் பகலில் செய்யுங்கள்.

இரண்டாவது, கடைச் சோதனை. தெரிந்த சிங்களக் கடைக்காரரிடமோ வேலையிடத்து நண்பரிடமோ பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழில் எலில் ஆகிவிடும், அது பரவாயில்லை, நம்மில் பாதிப்பேரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அவர் மூன்று தரம் கேட்டும் பிடிபடாமல் சிங்களத்தில் தம்பி என்கிற "மல்லி"யோடு முடித்துக்கொண்டால், உங்கள் மகன் ஆயுள் முழுக்க எல்லா கவுண்டரிலும் மல்லிதான்.

மூன்றாவது ஆங்கில எழுத்துக்கூட்டல். இதைச் சிரிப்பாக எடுக்காதீர்கள். நமக்கு அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் வரும், உங்கள் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, கலியாணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, பாஸ்போட்டில் வேறொரு மாதிரி இருந்தால் அந்தத் தலையிடி முழுவதும் அவனுக்கும் முதுசமாகப் போய்ச் சேரும். தகரத்துக்குப் பக்கத்தில் எச் போடுவதா இல்லையா, ழகரத்துக்கு எந்த எழுத்து என்று மனைவியும் நீங்களும் இருந்து ஒரு முடிவுக்கு வந்து, பெரிய எழுத்தில் கொப்பியின் கடைசி அட்டையில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை பிறந்த களைப்பில் பதிவாளருக்கு முன்னால் நின்று யோசிக்கிற விஷயம் இல்லை இது.

கடைசியாக, மனைவிக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பெயர் செத்தது. வாதாட வேண்டாம். சுமப்பது அவர்.

பல்லுக் கொழுக்கட்டை அன்றைக்குக் கவனம்

ஏழெட்டு மாதத்தில் முதல் பல் எட்டிப் பார்க்கும்போது பல்லுக் கொழுக்கட்டை அவிப்போம். பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால் ஒரு தட்டத்தில் புத்தகம், பேனை, நகை, காசு எல்லாம் வைத்து, எதை முதலில் எடுக்கிறான் என்று பார்ப்பார்கள். புத்தகம் எடுத்தால் படிப்பாளி, நகை எடுத்தால் செல்வம். பார்க்கப் பார்க்க அலுக்காத சடங்கு, எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஒரு கலியாண வீட்டளவு சூழ்ச்சி அதற்குள் நடக்கும். பெரியம்மா ஒருவர் பிள்ளை பார்க்காத நேரம் ஸ்டெதஸ்கோப்பைக் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளுவார், மாமி பேனையின் மூடியைக் கழற்றி மினுங்க வைப்பார்.

அப்பாவாக நீங்கள் செய்ய வேண்டியது, தட்டம் அடுக்கும் பொறுப்பை முன்கூட்டியே கேட்டு வாங்குவது. உங்கள் கொப்பியில் தேறிய ஆசைகளுக்கு ஒவ்வொரு பொருள் வையுங்கள். ஒரு ரென்னிஸ் பந்து. ஒரு அகப்பை. ஒரு பழைய பஸ் ரிக்கற், கிடைத்தால். எல்லாம் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அதை ஒரு பொதுவான ஆளை வைத்துச் சரிபாருங்கள். பிள்ளை எதையும் எடுக்காமல் கொழுக்கட்டையை எடுத்து வாயில் வைத்தால் அதுவும் செல்லுபடியான முடிவே. எங்கள் வீட்டில் என்னைப் பற்றி இந்தக் கதைதான் இன்னமும் சொல்கிறார்கள்.

பஸ்

என் கொப்பியில் முதல் இடம் இதற்குத்தான்: பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவன் தனியாக வெள்ளவத்தையில் 100இலோ 101இலோ ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, சொன்ன சாமானை வாங்கி, மிச்சக் காசோடு வீட்டுக்கு வர வேண்டும். பாணந்துறையிலிருந்து வருவது 100, மொரட்டுவையிலிருந்து வருவது 101, இரண்டும் காலி வீதியால் புறக்கோட்டைக்குப் போகும், எது முதலில் வருகிறதோ அதில் ஏறலாம். இந்த ஒரு ஆசைக்குள் கணக்கு, மொழி, துணிவு, பொறுமை எல்லாம் அடங்கிவிடும், இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் எந்த சர்வதேசப் பாடசாலையிலும் பார்க்கவில்லை.

வலப் பக்கத்து வேலை பெரியது. வாரத்தில் ஒரு நாளாவது மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நீங்களும் பஸ்ஸில் போக வேண்டும், ஊபரும் பிக்மீயும் கூடாது. சின்ன வயதில் யன்னல் பக்கம் இருத்தி இடங்களின் பெயரைச் சொல்ல விடுங்கள்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை. கொஞ்சம் வளர்ந்ததும் கொண்டக்டரிடம் காசைக் கொடுத்து மிச்சம் கேட்கும் வேலை அவனுடையது. மிச்சம் கேட்பது ஒரு கலை. உடனே கேட்டால் "சில்லறை இல்லை, பிறகு தாறன்" என்பார், கேட்காமல் விட்டால் அந்தப் பிறகு வராது. இறங்குவதற்கு இரண்டு தரிப்பிடம் முன்னால், கொண்டக்டர் பக்கத்தில் வரும்போது, சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். அதற்கு அடுத்த கட்டம், அவன் முன்னால் நிற்க நீங்கள் பின் கதவடியில் தெரியாத ஆள் மாதிரி நிற்பது. எங்கே மணி அடிப்பது என்பதை அவனே முடிவெடுக்கட்டும். ஒரு தரிப்பிடம் தாண்டிப் போனால் இரண்டு பேரும் பேசாமல் திரும்பி நடந்து வாருங்கள், வழியில் ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொடுக்கலாம்.

ஒழுங்குகளும் உண்டு. முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு ஒதுக்கினவை. கர்ப்பிணித் தாய் ஏறினால் கேட்கும் முன்பே எழும்ப வேண்டும், இதில் எனக்கு இப்போது தனிப்பட்ட அக்கறை உண்டு. புத்தகப் பை முதுகில் இல்லாமல் நெஞ்சில் இருக்க வேண்டும். கால் வைக்க இடமில்லாத பஸ்ஸிலும் "இஸ்ஸரஹாட்ட யன்ட", முன்னுக்குப் போங்கள், என்று கொண்டக்டர் கத்துவார், அதற்குக் கோபப்படாமல் அரை அடி அசைந்தால் போதும், அவருக்கும் திருப்தி, நமக்கும் நட்டமில்லை. பஸ் முழுதாக நின்ற பிறகு இறங்க வேண்டும் என்பது என் ஆசை, பஸ் முழுதாக நிற்காது என்பது கொழும்பு. ஆகவே கம்பியை விடாமல், பஸ் போகிற திசையைப் பார்த்து, இடக் காலை முதலில் வைத்து இறங்கப் பழக்க வேண்டும்.

ரயிலும் நல்லதுதான், வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று கடலைப் பார்த்துக்கொண்டே கோட்டைக்குப் போய்விடலாம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகும் ஆசை அவனுக்கு நிச்சயம் வரும். அது அவனுடைய கொப்பியில் இருக்கட்டும், என்னுடையதில் ஏறாது.

மூன்று மொழியிலும் பகிடி

மும்மொழி தெரிய வேண்டும் என்று எல்லோரும்தான் ஆசைப்படுகிறார்கள், அது ரொம்பப் பொதுவாக இருக்கிறது, அப்படி எழுதினால் கடைசியில் மூன்று ரியூஷன் வகுப்பில் போய் முடியும். நான் இப்படி எழுதியிருக்கிறேன்: மூன்று மொழியிலும் ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டும். இது கடினமான பரீட்சை. என் சிங்களம் விலை கேட்கும், வழி கேட்கும், வெசாக் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லும், ஒரு பகிடி விடச் சொன்னால் தடக்கி விழும். ஆகவே வலப் பக்கத்தில் என் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம்மாட்களோடு மட்டும் இருந்து கதைப்பதை விட்டு அடுத்த மேசைக்குப் போவது.

தமிழுக்கும் வேலை இருக்கிறது, கொழும்பில் அதுதான் கூட வேலை. வீட்டில் வாய் நிறையத் தமிழ் கதைத்துவிட்டு, அம்மம்மா எழுதின சாமான் பட்டியலை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இந்த ஃபிளாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, அவர்களின் அப்பாமார் வட்சப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன், கொப்பியில் இந்த வரி வந்த பிறகு தமிழ் விசைப்பலகைக்கு மாறிவிட்டேன். நண்பர்கள் முதலில் "என்ன மச்சான், வெசாக் கார்ட் மாதிரி எழுதுறாய்" என்று கிண்டலடித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

மீனும் சோறும்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்குவதை ஒருதரம் நிதானமாகக் கவனியுங்கள். விலை கேட்டதுமே தலையாட்டும் ஆளுக்கு நடுத்துண்டு வராது. கண்ணைப் பார்க்க வேண்டும், தெளிவாக முட்டிக்கொண்டு இருக்கிறதா, குழி விழுந்து பால் கட்டியிருக்கிறதா என்று. பிறகு கேட்டுவிட்டுச் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், நல்ல சிவப்பாக இருந்தால் எடுக்கலாம், மண் நிறமாகிவிட்டால் நகர வேண்டும். விரலால் அமத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும், பள்ளம் அப்படியே நின்றால் அது ஐஸில் கன நாள் கிடந்த மீன். மணம் கடல் மணமாக இருக்க வேண்டும். துண்டு மீன் என்றால் கண்ணும் செவுளும் இராது, அப்போது நடுமுள்ளடி இரத்தத்தின் நிறம்தான் சாட்சி. வீட்டில் அறக்குளா என்று சொல்லிவிட்டது அங்கே தோரா என்று கூவப்படும், அதற்கும் பழகியிருக்க வேண்டும். என் ஆசை, ஒரு நாள் மீன்காரர் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்து "தம்பி, இதைப் பாருங்கோ" என்று தனியாக எடுத்து வைத்ததைக் காட்ட வேண்டும்.

சமையலில் பெரிய ஆசை வைக்காதீர்கள். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், முட்டைப் பொரியல், இந்த நாலும் வந்தால் எந்த நாட்டில் எந்த அறையில் இருந்தாலும் பட்டினி இல்லை. அரிசிக்கு மேல் விரலை நட்டு முதல் ரேகை வரை தண்ணீர். மைசூர்ப் பருப்பை மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு அவித்து, கடைசியில் முதற்பால் விட்டு ஒரு கொதியோடு இறக்கி, வெங்காயம் செத்தல் கறிவேப்பிலை ரம்பை தாளித்துக் கொட்ட வேண்டும். வலப் பக்கம்: ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு என் பொறுப்பு, இன்று தொடக்கம். அப்பா அடுப்படிக்குள் நிற்பதைப் பார்க்காத பெடியனிடம் போய் ஆம்பிளைப் பிள்ளையும் சமைக்க வேண்டும் என்று பிரசங்கம் பண்ணினால் அவன் காதில் ஏறாது.

கிரிக்கெட்

அப்பாமார் எல்லோரும் வழுக்குகிற இடம் இது. முரளிதரன் 2010 ஜூலை 22 அன்று காலியில் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்ததைப் பார்த்தவர்கள், தம் மகன் பந்தைக் கையில் பிடித்தாலே கண் கலங்குகிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். முரளியின் வீட்டில் பிஸ்கட் தொழில். பாடசாலையில் அவர் முதலில் போட்டது வேகப்பந்து, பதினான்கு வயதளவில் பயிற்சியாளர் சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். எந்த அப்பாவும் எந்தக் கொப்பியிலும் திட்டம் போட்டு எழுதியிருக்க முடியாத விஷயம்.

என் ஆசை ஒழுங்கைக் கிரிக்கெட்டோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு மேலால் போனால் அவுட், கார் கண்ணாடியில் பட்டால் எல்லோரும் ஓட்டம், ஒரு குத்துக் குத்தி எழும்பின பந்தை ஒரு கையால் பிடித்தாலும் அவுட். அந்தக் கூட்டத்தில் பந்து அடுத்த வீட்டுக்குள் விழுந்தால் கேற்றில் தட்டி "அன்ரி, பந்து ஒண்டு விழுந்திட்டுது, எடுக்கலாமா?" என்று கேட்கப் போகிற பெடியன் ஒருவன் இருப்பான். மற்றவர்கள் எல்லாம் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். என் மகன் அந்தக் கேற்றில் தட்டுகிறவனாக இருக்க வேண்டும், சதம் அடிக்காவிட்டாலும் காரியமில்லை. இதற்கு வலப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது: அக்கம்பக்கத்தவர் எல்லோருக்கும் முகம் பார்த்துச் சிரிப்பது. அப்பா யாரென்று தெரிந்தால்தான் அன்ரி கேற்றைத் திறப்பார்.

கடலும் பட்டமும்

பட்டம் சுலபம். காலிமுகத்திடலில் பின்னேரம் போனால் காற்று இருக்கும், விற்பவர் இருப்பார், இறால் வடையும் இருக்கும். கடையில் வாங்கின பட்டத்தை ஏற்றுவதோடு நிற்காமல், ஈர்க்குக் குச்சியும் ரிஷூத் தாளும் வைத்து ஒன்று கட்டிக் காட்டுங்கள், பறக்காவிட்டாலும் அவன் உங்களோடு ஒரு மணித்தியாலம் இருப்பான்.

கடல் சுலபம் இல்லை. வெள்ளவத்தையில் கடல் கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவே தண்டவாளம், அதற்கு அப்பால் கல்லு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தப் பக்கக் கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும், அந்த மாதங்களில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. நீச்சலை நீச்சல் தடாகத்தில்தான் பழக்க வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது, என் தலைமுறை வெள்ளவத்தைப் பெடியன்களில் பலருக்கும் தெரியாது, அதனால் வலப் பக்கத்தில் "நான் முதலில் பழக வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

பாடசாலை பற்றி

இதில் ஆசைப்பட ஒன்றும் இல்லை, கடதாசிதான் இருக்கிறது. ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், வீட்டு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ ஒழுங்காக இருக்க வேண்டும், பாடசாலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். இவற்றை ஒரு தனி ஃபைலில் போட்டு வையுங்கள், கொப்பியில் கலக்க வேண்டாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு நான் வைத்திருக்கும் ஒரே ஆசை, முடிவு வந்த அன்று அது எப்படி இருந்தாலும் இரவுக்குக் கொத்துரொட்டி வாங்க வேண்டும் என்பது. பெறுபேற்றைக் கேட்கும் முன்பே ஓடரைக் கொடுத்துவிட வேண்டும்.

வெளிநாடு

சித்தியின் குரல் செய்திக்கு வருவோம். அவன் போகக் கூடாது என்று எழுதினால் வலப் பக்கத்தில் போட ஒரு வேலையும் இல்லை, போக வேண்டும் என்று எழுதினாலும் அதே கதைதான், இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். நான் கொஞ்ச நாள் யோசித்து இதை எழுதினேன்: எங்கே போனாலும், திரும்பி வரும்போது ஒருவருக்கும் சொல்லாமல் கட்டுநாயக்கவில் 187இல் ஏறிக் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 101 பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு வான் பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் போய் மாலை போடும் வேலை மிச்சம். வலப் பக்கம் ஏற்கெனவே பஸ் என்ற தலைப்பில் நிரம்பியிருக்கிறது.

கொப்பியை எங்கே வைப்பது

மகனிடம் காட்ட வேண்டாம். அவன் ஆசைகளை நிறைவேற்றினானா என்று சரி, பிழை போடும் புத்தகமாக அது மாறிவிடும். வலப் பக்கத்துக்குத்தான் நீங்கள் சரி போட வேண்டும், அதுவும் பென்சிலால். வருடத்துக்கு ஒருதரம், பிறந்தநாளுக்கு முதல் நாள் எடுத்துப் பார்த்து, அவனுக்குப் பொருந்தாதவற்றை வெட்டுங்கள். மீன் மணமே பிடிக்காத பிள்ளையாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மரக்கறிக் கடைக்குப் போங்கள், அங்கேயும் முருங்கைக்காய் முறுக்கிப் பார்த்து வாங்க ஒரு வித்தை இருக்கிறது.

மனைவியிடம் கட்டாயம் காட்டுங்கள். என் மனைவி வாசித்துவிட்டு முதலில் கேட்டது, "இவ்வளவுக்கும் உங்களுக்கு நேரம் இருக்கா?" என்றுதான். பிறகு பேனையை எடுத்துத் தன் பங்குக்கு ஒன்று எழுதினார்: கழற்றின சொக்ஸைக் கூடைக்குள் போட வேண்டும். வலப் பக்கத்தில் என் பெயரை எழுதி இரண்டு கோடு அடித்திருக்கிறார்.

அம்மாமாரிடமிருந்து மறைப்பது நடக்காத காரியம், எங்கே வைத்தாலும் தூசு தட்டும்போது கண்டெடுப்பார்கள். சண்டை வேண்டாம், அவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், சட்டம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிவிடுங்கள். என் அம்மா முதலில் டொக்டர் என்று எழுதிவிட்டு வலப் பக்கத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே வெட்டிவிட்டு, அதற்குக் கீழே "தேவாரம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்" என்று எழுதி, எதிரே "அப்பம்மா சொல்லிக்கொடுப்பா, வெள்ளிக்கிழமைகளில்" என்று போட்டார். பெரியப்பாவுக்குப் பக்கம் கொடுப்பதா என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.